வண்டியில் இருவழி ரேடியோ பொருத்துவது எப்படி: புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கியை வெட்டவெளியில் நின்று பேசினால் நன்றாகத்தான் கேட்கும். அதையே காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குப் பாதி வார்த்தை போய்ச் சேராது. சுற்றிலும் உலோகத் தகடு. ரேடியோ அலை வெளியே போவதற்கு ஜன்னல்தான் வழி. வாக்கி-டாக்கியின் சக்தியும் பெரும்பாலும் 5 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் அடிக்கடி வண்டியிலிருந்து பேச வேண்டியவர்கள் வண்டியிலேயே நிரந்தரமாக ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொள்கிறார்கள். டாக்சி, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, லாரி, சுரங்க வண்டி, காட்டுப் பாதையில் கூட்டமாகப் போகும் ஜீப்புகள், பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்று பட்டியல் நீளும்.

இருவழி ரேடியோ என்றால், அனுப்புவதும் வாங்குவதும் ஒரே பெட்டியில். மைக்கில் இருக்கும் பட்டனை அழுத்தினால் அது அனுப்பும், விட்டால் கேட்கும். வண்டியில் பாட்டு கேட்கிற எஃப்எம் ரேடியோவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த அனுப்பும் வேலைதான். பாட்டு ரேடியோவை எப்படி மாட்டினாலும் ஏதோ ஒரு வகையில் பாடிவிடும். இது அப்படி இல்லை. பட்டனை அழுத்திய நொடியில் பேட்டரியிலிருந்து பெரிய அளவில் மின்சாரம் இழுக்கும், ஆன்டெனா வழியே அதை வெளியே தள்ளும். இந்த இரண்டு வேலைக்கும் வழி சரியாக இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் சொதப்பும்.

ரேடியோ வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். அந்தக் கேள்விக்கு நான் அவ்வளவு மதிப்புத் தரமாட்டேன். 25 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் எதிர்முனையில் கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது சிக்னலின் வலிமையை ஒப்பிடும் அலகு). பல நேரங்களில் காதுக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது. பேட்டரியிலிருந்து வரும் வயர் எவ்வளவு தடிமன், ஆன்டெனா வண்டியில் எந்த இடத்தில் நிற்கிறது: இந்த இரண்டும்தான் ஒரு ரேடியோ எப்படிப் பேசும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் அவற்றைப் பற்றித்தான்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம். கேட்பதற்கு மட்டும் அல்லாமல் அனுப்பவும் செய்கிற கருவி என்பதால், எந்த நாட்டிலும் இதற்கு விதிகள் உண்டு. எந்த அலைவரிசையில், எத்தனை வாட்டில், உரிமத்தோடா உரிமம் இல்லாமலா என்பதை உங்கள் நாட்டின் அலைவரிசை ஒழுங்குமுறை அமைப்பின் விதியைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். உரிமம் தேவைப்படாத சில வகைகளில் தனியாக வெளி ஆன்டெனா மாட்டவே கூடாது. ஐரோப்பாவின் பிஎம்ஆர்446 அப்படித்தான்: அரை வாட், கழற்ற முடியாத ஆன்டெனா. அதை வாங்கி வண்டிக் கூரையில் ஆன்டெனா வைக்கத் திட்டம் போட்டால் பயன் இல்லை.

மின்சாரம்: பேட்டரியிலிருந்து நேராக

50 வாட் ரேடியோ என்று பெட்டியில் எழுதியிருப்பது ஆன்டெனாவுக்குப் போகிற சக்தி. அதை உண்டாக்க அது பேட்டரியிலிருந்து இழுப்பது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. மீதி எல்லாம் வெப்பம். 13.8 வோல்ட்டில் கணக்குப் போட்டால் பேசும்போது சுமார் 10 முதல் 12 ஆம்பியர். கேட்கும்போது ஒரு ஆம்பியருக்கும் கீழே.

இந்த 12 ஆம்பியரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். சாக்கெட்டுக்கு வரும் வயர் மெல்லியது. அதன் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர். பிளக்கின் நுனியில் இருக்கும் ஸ்பிரிங் தொடர்பு வண்டி குலுங்கும்போது விட்டு விட்டுத் தொடும். 5 வாட், 10 வாட் கருவிக்குச் சரி. அதற்கு மேல் வேண்டாம். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஏதாவது ஒரு வயரில் கிள்ளி எடுப்பது இன்னும் மோசம். அந்த வயர் எதற்காகப் போட்டது, எவ்வளவு தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியாது; பக்கத்திலேயே இருக்கிற கணினிப் பெட்டிகளின் சத்தமும் ரேடியோவுக்குள் ஏறும்.

ஆகவே பாசிட்டிவ் வயர் பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து நேராக வர வேண்டும். எவ்வளவு தடிமன்? ஒரு கணக்கைப் பார்க்கலாம். பேட்டரியிலிருந்து ரேடியோவுக்கு 4 மீட்டர் என்று வையுங்கள். போக 4, வர 4, மொத்தம் 8 மீட்டர் செம்பு. 1 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 12 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே சுமார் 1.7 வோல்ட் தொலைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் சுமார் 0.4 வோல்ட். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் பல ரேடியோக்கள் 13.8 வோல்ட்டுக்குப் பதினைந்து சதவீதம் மேலேயோ கீழேயோ மட்டுமே தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. கீழ் எல்லை சுமார் 11.7 வோல்ட். எஞ்சின் ஓடாதபோது பேட்டரியே 12.6 வோல்ட்டுக்கு மேல் தராது. அதில் 1.7 போனால் மீதி 10.9. ரேடியோ கேட்கும், திரை எரியும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். பட்டனை அழுத்தினால் மட்டும் அணைந்து அணைந்து வரும், அல்லது குரல் கரகரக்கும். "ரேடியோ கெட்டுப்போச்சு" என்று கடைக்குத் திரும்பி வரும் பெட்டிகளில் இப்படிப்பட்டவையும் உண்டு.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கத்தில், டெர்மினலிலிருந்து ஒரு சாணுக்குள். ரேடியோவோடு வரும் வயரில் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். அது போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் ரேடியோவைக் காப்பாற்றுவதற்காக வைப்பது அல்ல, வயரைக் காப்பாற்றுவதற்காக. எஞ்சின் அறையில் எங்காவது வயரின் உறை தேய்ந்து பாடியைத் தொட்டால் பேட்டரி பல நூறு ஆம்பியரைக் கொட்டும். வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். ரேடியோ பக்கத்து ஃபியூஸால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அந்த மின்சாரம் அதைத் தாண்டிப் போவதே இல்லை. அளவு: ரேடியோ இழுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, வயர் தாங்குவதைவிடக் கண்டிப்பாகக் குறைவாக. 12 ஆம்பியர் இழுக்கும் பெட்டிக்கு 15 அல்லது 20.

நெகட்டிவ் வயர் விஷயத்தில் பழைய அறிவுரையும் புதிய வண்டியும் ஒத்துப்போவதில்லை. முன்பெல்லாம் இதையும் நேராக பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலுக்கே கொண்டுபோகச் சொல்வார்கள். இப்போது பல வண்டிகளில் அந்த டெர்மினலின் மேலேயே ஒரு சிறு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது, வருகிறது என்று எண்ணுவதுதான் அதன் வேலை. உங்கள் வயர் அதைச் சுற்றிக்கொண்டு நேராக டெர்மினலில் போய் உட்கார்ந்தால் அதன் கணக்குத் தவறும். சார்ஜ் ஆவதே குழம்பும். அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிள் பாடியில் வந்து சேரும் போல்ட்டிலேயே ரேடியோவின் நெகட்டிவ்வையும் இணைத்துவிடுங்கள். எங்கே இணைத்தாலும் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் வளையத் தலையை வைத்து இறுக்க வேண்டும். அப்புறம் துருப் பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ்.

வயரை எஞ்சின் அறையிலிருந்து உள்ளே கொண்டுவரும் இடத்தில் தகட்டின் ஓட்டை விளிம்பு பிளேடு போல இருக்கும். ஏற்கெனவே ரப்பர் அடைப்போடு இருக்கும் ஓட்டையைப் பயன்படுத்துங்கள். புதிதாகத் துளைத்தால் ரப்பர் வளையம் போடாமல் வயரை விடாதீர்கள். புகைக்குழாய், பெடல், ஸ்டியரிங் தண்டு இவற்றின் பக்கம் போகக் கூடாது. மஞ்சள் நிற இணைப்பிகளும் மஞ்சள் உறை வயர்களும் கண்ணில் பட்டால் அது பொதுவாக ஏர்பேக்குக்கு உரியது, கை வைக்காதீர்கள். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் என்றால் உயிரைப் பறிக்கும் உயர் வோல்ட். அந்த வண்டிகளிலும் 12 வோல்ட் பேட்டரி தனியாக உண்டு, பல நேரம் டிக்கியில். ரேடியோவுக்கு அதுதான்.

லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு: உங்கள் வண்டி 24 வோல்ட்டாக இருக்கலாம். இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையில் நிற்பதைப் பார்த்து, அதில் ஒன்றிலிருந்து மட்டும் ரேடியோவுக்கு எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். வேலை செய்யும், சில மாதங்களில் ஒரு பேட்டரி எப்போதும் பசியோடும் மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகியும் இரண்டும் சேர்ந்து போய்ச் சேரும். 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வெர்ட்டரை, பேசும்போது இழுக்கும் ஆம்பியரைத் தாங்கும் அளவில் வாங்கிப் போடுங்கள்.

இன்னொன்று, நேராக பேட்டரியில் இணைத்தால் வண்டியைப் பூட்டிவிட்டுப் போனாலும் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. சின்ன காரின் 40 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாள் தாண்டினால் ஸ்டார்ட் ஆகாது. சாவி போட்டால் மட்டும் ரேடியோ எழுந்திருக்கும்படி தனி இக்னிஷன் வயர் பல மாடல்களில் உண்டு. இல்லையென்றால் இடையில் ஒரு ரிலே, அதாவது சாவியோடு சேர்ந்து இயங்கும் மின் சுவிட்ச், வைத்தால் தீர்ந்தது.

ஆன்டெனா: கூரையும் அதில் பாதி

வண்டிக் கூரையில் செங்குத்தாக நிற்கும் குச்சிதான் ஆன்டெனா என்று நினைக்கிறோம். அது பாதிதான். சாதாரண வண்டி ஆன்டெனா, அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள ஒரு கம்பி. அதன் மறுபாதி அடியில் இருக்கும் உலோகத் தகடு. தரையில் வைத்த கண்ணாடி நிற்கிற கம்பியின் பிம்பத்தைக் கீழே காட்டுவது போல, அந்தத் தகடு கம்பிக்கு ஒரு ஜோடியை உண்டாக்கித் தருகிறது. தகடு இல்லாவிட்டால் கம்பிக்குத் திருப்பித் தள்ள ஒன்றும் இருக்காது. மின்சாரம் கேபிளின் வெளிப்புறம் வழியாக வண்டிக்குள்ளேயே திரும்பி வரும்.

நீளத்தைக் கண்டுபிடிப்பது எளிது. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 150 மெகாஹெர்ட்ஸுக்கு 50 சென்டிமீட்டர். 450-க்கு 17 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. உண்மையான கம்பி இதைவிடச் சில சதவீதம் குட்டையாக இருக்கும். பொதுமக்கள் பேசுவதற்கென்று உள்ள 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவுக்குக் கணக்குப் போட்டால் 2.78 மீட்டர் வருகிறது. அவ்வளவு நீளக் கம்பியை வைத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் போக முடியாது என்பதால்தான் சிபி ஆன்டெனாக்களில் அடியிலோ நடுவிலோ கம்பிச்சுருள் வைத்து நீளத்தைச் சுருக்குகிறார்கள். சுருக்கச் சுருக்க திறனும் குறையும்.

தகடும் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது அந்தக் கால் அலைநீளம் பரந்திருக்க வேண்டும். 150 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டர் விட்டமுள்ள தகடு. வண்டியில் அப்படிப்பட்ட இடம் எது? கூரையின் நடு. வேறு போட்டியே இல்லை. உயரமும் அங்கேதான், எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதும் அங்கேதான், ஆட்களிடமிருந்து விலகியிருப்பதும் அங்கேதான். ஓரத்தில் வைத்தால் அலை தகடு அதிகம் இருக்கும் திசையில் கூடுதலாகப் போகும்: பின்பக்க இடது மூலையில் வைத்த ஆன்டெனா முன்பக்க வலது திசையில் நன்றாகப் பேசும், மற்ற பக்கம் சோம்பும். பம்பரில் கட்டினால் ஒரு பக்கம் முழுக்க வண்டியே மறைக்கும்.

உயரம் ஏன் முக்கியம் என்றால், விஎச்எஃப் (மேலே சொன்ன 150 மெகாஹெர்ட்ஸ் போன்றவை), யுஎச்எஃப் (450 போன்றவை) அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. தரையிலிருந்து 2 மீட்டரில் ஆன்டெனா உள்ள இரண்டு வண்டிகள், குறுக்கே எதுவும் இல்லாத சமவெளியில், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தூரம் ஒன்றையொன்று ‘பார்க்க’ முடியும். கட்டடங்களுக்கு நடுவே அது இரண்டு மூன்று கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். 100 மீட்டர் உயரத்தில், வாங்கிய பேச்சை மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் இருந்தால் அதே வண்டி 45 கிலோமீட்டரைத் தாண்டியும் அதைத் தொடும். வாட்டைக் கூட்டி இந்த வரம்பை மீறுவது கடினம்.

சரி, கூரையில் எப்படி நிறுத்துவது? நல்ல வழி, ஓட்டை போடுவது. கேட்டதும் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் என்எம்ஓ எனப்படும் தாங்கியை 19 மில்லிமீட்டர் ஓட்டையில் சரியாகப் பொருத்தினால் அது கூரையின் வெறும் உலோகத்தை அடியிலிருந்து கவ்விப் பிடிக்கும். மேலே ரப்பர் வளையம் மழையைத் தடுக்கும். ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. போலீஸ், ஆம்புலன்ஸ் வண்டிகளில் இப்படித்தான் போடுகிறார்கள். துளைப்பதற்கு முன் உள் கூரைத் துணியை இறக்கி, அடியில் குறுக்குச் சட்டம், விளக்கு வயர், ஓரங்களில் ஓடும் திரை ஏர்பேக் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ட்ரில் பிட் கூரையைத் தாண்டி உள் துணியில் சுற்றிக்கொள்ளும். இதற்கென்றே ஆழக் கட்டுப்பாடு உள்ள ஓட்டை வெட்டி கிடைக்கிறது.

வண்டி உங்களுடையது இல்லை, அல்லது மனசு வரவில்லை என்றால் காந்த அடித்தளம். அது பெயின்ட்டின் வழியே, மின்தேக்கி போல, கூரையோடு சேருகிறது. விஎச்எஃப், யுஎச்எஃப்பில் இது நன்றாகவே வேலை செய்யும், 27 மெகாஹெர்ட்ஸில் கொஞ்சம் திணறும். அதன் அடியில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் பெயின்ட் கீறும், ஆகவே வைப்பதற்கு முன் துடைக்க வேண்டும். கூரை அலுமினியம் என்றால் காந்தம் ஒட்டாது. ஆனால் துளைத்துப் பொருத்தினால் அலுமினியமும் நல்ல தகடுதான். ஃபைபர் கூரை, முழுக் கண்ணாடிக் கூரை என்றால் தகடே கிடையாது: அங்கே உள்ளே செம்புத் தகடு ஒட்ட வேண்டும் அல்லது தகடு தேவைப்படாத அரை அலை ஆன்டெனா வாங்க வேண்டும். டிக்கி மூடியின் விளிம்பைக் கவ்வும் கிளாம்ப் நடுத்தரமான வழி. அதன் சிறு திருகுகள் பெயின்ட்டைக் குத்தி உலோகத்தைத் தொட்டனவா என்று மல்டிமீட்டரில் பார்த்தால் மட்டுமே நம்புங்கள்.

கடையில் ‘அதிக கெயின்’ என்று நீளமான ஆன்டெனாவைக் காட்டுவார்கள். கெயின் என்பது புதிதாக வந்த சக்தி இல்லை. மேலும் கீழும் போகிறதைக் கிடைமட்டமாக அழுத்தியதுதான். சமவெளியில் பயன்படும். மலைப்பாதையில் ரிப்பீட்டர் தலைக்கு மேலே உச்சியில் இருக்கும்போது அந்த அழுத்திய கற்றை அதற்குக் கீழேயே போய்விடும். குட்டையான கால் அலைக் கம்பி அங்கே ஜெயிக்கும். முதல் ஆன்டெனாவாக நான் கால் அலையைத்தான் பரிந்துரைப்பேன். விலை குறைவு, மரக்கிளையில் இடித்தாலும் வளைந்து நிமிரும்.

ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கோஆக்சியல் கேபிளில் கவனிக்க வேண்டியது நீளம். பரவலாகக் கிடைக்கும் ஆர்ஜி-58 கேபிள் 5 மீட்டர் போட்டால் 450 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி கேபிளிலேயே சூடாகிப் போகிறது. 150-இல் ஐந்தில் ஒரு பங்கு. 27-இல் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆகவே யுஎச்எஃப் என்றால் நல்ல கேபிள், தேவையான அளவுக்கு மட்டும். மீதியைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணிப்பதைவிட வெட்டி மறுபடி கனெக்டர் போடுவது மேல். கதவு இடுக்கில் நசுங்கும் இடத்தில் கேபிள் உள்ளுக்குள் மெதுவாகச் சாகும், வெளியே தெரியாது. கதவு வழியாகத்தான் வர வேண்டும் என்றால் ரப்பர் பட்டை மென்மையாக இருக்கும் இடமாகப் பார்த்து, உள்ளே நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

எஸ்டபிள்யூஆர் பார்ப்பது

ஆன்டெனா மாட்டியதும் அளக்க வேண்டியது எஸ்டபிள்யூஆர். ரேடியோ அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனா வாங்கிக்கொள்கிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண். 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை. 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, 2 என்றால் 11, 3 என்றால் 25. 1.5-க்குள் வந்தால் மகிழ்ச்சியாக மூடிவிட்டுப் போகலாம். 2 வரை ஓட்டலாம். 3-ஐத் தாண்டினால் நல்ல ரேடியோக்கள் தாங்களாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அந்தப் பாதுகாப்பு இல்லாதவற்றின் வெளியீட்டுப் பகுதி எரியும். ஆன்டெனா மாட்டாமல் பட்டனை அழுத்தவே கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான்.

வண்டியைத் திறந்த வெளியில், சுவரும் கம்பிவேலியும் இல்லாத இடத்தில் நிறுத்தி, கதவு எல்லாம் மூடி, குறைந்த சக்தியில், யாரும் பேசாத நேரத்தில் சில நொடிகள் மட்டும் அனுப்பிப் பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் அலைவரிசையின் கீழ் முனை, நடு, மேல் முனை மூன்றிலும். கீழ் முனையில் எண் குறைவாக, மேலே போகப் போக ஏறினால் கம்பி தேவைக்கு மேல் நீளம். இரண்டு மூன்று மில்லிமீட்டராக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. மறுபுறமாக இருந்தால் கம்பி குட்டை. மூன்று இடத்திலும் மோசமாக இருந்தால் கம்பியைத் தொடாதீர்கள்: கோளாறு பெரும்பாலும் கனெக்டரிலோ தகட்டோடு சேரும் தொடர்பிலோ இருக்கும். கனெக்டரில் நடுக் கம்பியும் வெளி வலையும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கலாம், ஆனால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அடியில் சுருள் உள்ள சில ஆன்டெனாக்கள் இயல்பிலேயே ஷார்ட் என்றுதான் காட்டும்.

"கேபிள் நீளத்தை மாற்றினால் எஸ்டபிள்யூஆர் சரியாகிவிடும்" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மீட்டரில் எண் மாறக்கூடும், அது மீட்டரை ஏமாற்றுவது. ஆன்டெனா அப்படியேதான் இருக்கிறது.

பெட்டியை வைக்கும் இடம்

விபத்தில் ஒன்றரைக் கிலோ பெட்டி பறந்து வந்தால் என்ன ஆகும் என்பதை மனதில் வைத்து இறுக்க வேண்டும். இரட்டை ஒட்டு டேப் எல்லாம் கணக்கில் வராது. ஏர்பேக் விரியும் பாதையில் பெட்டியோ மைக் கொக்கியோ இருக்கக் கூடாது. பல ரேடியோக்களில் முகப்பை மட்டும் கழற்றி டாஷ்போர்டில் வைத்துவிட்டு, பெட்டியைச் சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ வைக்க முடியும். இன்றைய வண்டிகளுக்கு அதுதான் வசதி. பெட்டி சூடாகும் என்பதால் கம்பளத்தில் புதைக்காதீர்கள். தரையில் திருகு ஏற்றும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது அவசியம்: எரிபொருள் தொட்டியும் பிரேக் குழாயும் அங்கேதான் ஓடுகின்றன. மைக்கை எடுக்க ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருந்தால் அந்த இடம் தவறு.

எஞ்சினின் சத்தம் ரேடியோவில்

எஞ்சின் வேகம் ஏற ஏற கூடவே ஏறும் ‘ங்ங்ங்’ என்ற விசில் கேட்டால் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். டக் டக் என்று வெடிப்பாக வந்தால் ஸ்பார்க் பிளக் பக்கம். இது வண்டி ரேடியோவின் பிறவித் தொல்லை. 1933-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து பேயோன் நகரப் போலீஸ் முதன்முதலாக வண்டியிலிருந்தே திருப்பிப் பேசும் வசதியைக் கொண்டுவந்தபோது அது ஏஎம் முறை, அதாவது குரலை அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்புவது. எஞ்சின் சத்தம் எல்லாம் அப்படியே உள்ளே வரும். கனெக்டிகட் மாநிலப் போலீசுக்காக டேனியல் நோபிள் வடிவமைத்த எஃப்எம் முறை 1940-இல் ஓடத் தொடங்கியபோதுதான் அந்தத் தொல்லை பெருமளவு அடங்கியது. எஃப்எம் அலையின் உயரத்தைப் பார்ப்பதில்லை, அலைவெண் மாறுவதை மட்டுமே பார்க்கிறது. தீப்பொறிச் சத்தம் பெரும்பாலும் உயரத்தில்தான் ஒட்டிக்கொள்ளும். இன்றும் ஏஎம்மில் ஓடும் சிபி ரேடியோக்காரர்கள்தான் எஞ்சின் சத்தத்தைப் பற்றி அதிகம் புலம்புகிறார்கள்.

எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். எஞ்சின் ஓடும்போது, பேசாமல், ரேடியோவின் பின்னாலிருந்து ஆன்டெனாவைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் அது ஆன்டெனா வழியாக வந்தது. நிற்காவிட்டால் பவர் வயர் வழியாக. பவர் வயர் என்றால் எர்த் தொடர்பை (நெகட்டிவ் வயர் பாடியில் சேரும் இடத்தை) மறுபடி பாருங்கள், வயரில் சத்தத்தை அடக்கும் ஃபெரைட் வளையம் போடுங்கள். ஆன்டெனா வழி என்றால் போனட், டிக்கி மூடி, புகைக்குழாய் இவற்றைப் பின்னல் பட்டையால் பாடியோடு இணைப்பது உதவும். ஆனால் அதற்கெல்லாம் முன் யுஎஸ்பி சார்ஜரையும் டாஷ் கேமராவையும் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள்தான் இப்போது முதல் குற்றவாளி.

மறுதிசையிலும் ஒரு சோதனை வேண்டும். வண்டி நிற்கும்போது எஞ்சினை ஓடவிட்டு முழுச் சக்தியில் அனுப்பிப் பாருங்கள்: எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, எஞ்சின் ஓட்டம் தடுமாறுகிறதா, வைப்பர் தானாக அசைகிறதா? இருந்தால் ஆன்டெனா கேபிளை வண்டியின் வயர் கட்டுகளிலிருந்து விலக்கி ஓட்ட வேண்டும். பல வண்டித் தயாரிப்பாளர்கள் எந்த அலைவரிசையில் எத்தனை வாட் வரை, எந்த இடத்தில் ஆன்டெனா வைக்கலாம் என்று கையேட்டில் அட்டவணையே தருகிறார்கள். ஆன்டெனாவிலிருந்து ஆட்கள் எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்பது ரேடியோவின் கையேட்டில் இருக்கும். வண்டிக்கு வெளியே சாய்ந்து நிற்பவருக்கும் அது பொருந்தும்.

எல்லாம் முடிந்த பின் ஒரு மாதம் ஓட்டிவிட்டு பேட்டரி டெர்மினல், எர்த் போல்ட், ஆன்டெனா அடி, பெட்டியின் திருகு நான்கையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். குலுங்கலில் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். எஸ்டபிள்யூஆரையும் அப்போதே இன்னொரு முறை அளந்து, எண்ணைக் கையேட்டின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்காலத்தில் பேச்சு மங்குவது போலத் தோன்றினால் ஒப்பிட அது வேண்டும்.